பட்டு வெட்டுக்கிளியும் விரால் தலையும்

உமர் பாரூக் செய்யும் வெட்டுக்கிளிக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. அதற்கு உயிர் கிடையாது. அந்தக் குறையை இன்றுவரை எந்த விராலும் கண்டுபிடிக்கவில்லை.

மனுஷன் தெற்குவாசலில் தையல் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, மகள் ஹுமா துபாயிலிருந்து அனுப்பிய வளைகிற தூண்டில் கம்போடு எங்கள் கீழக்குயில்குடி கண்மாய்க்கு வர ஆரம்பித்தார். தேய்ந்த ரப்பர் செருப்பை நறுக்கி உடம்பு, பக்ரீத் ஆட்டு முடியில் மீசை, பச்சை நூலில் கால், அடியில் ஒளிந்திருக்கும் முள். கம்பைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசுவார். நூல் காற்றில் நெளிந்து போகும். தாமரை இலை ஓரத்தில் அந்தப் பூச்சி, புல்லிலிருந்து வழுக்கி விழுந்ததுபோல் விழும். முதல் தடவை பார்த்தபோது, ஐயோ பாவம் முங்கிவிடுமே என்று நானே வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

நான் விடியற்காலையில் வரப்புப் பனியில் பிடிக்கும் நிஜ வெட்டுக்கிளியைத்தான் முள்ளில் கோப்பேன். பாரூக் வந்த பிறகு, விரால்கள் என் பூச்சியின் பக்கத்தில் வந்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போலி என்று திரும்பிப் போயின. டப்பாவில் மிச்சமிருந்தவை அவமானத்தில் புல் தின்பதை நிறுத்திக்கொண்டன.

கண்மாயோடு முடிந்திருந்தால் பொறுத்திருப்பேன். என் பெண்டாட்டி ஒச்சம்மாளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. ஒருநாள் பாரூக் அவளைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு மச்சான். அவர் கொண்டுவரும் விரால் வெறும் மீன் இல்லை, அண்ணன் வீட்டுச் சீர். சீரை வேண்டாம் என்று சொல்ல எந்த ஊர் மாப்பிள்ளைக்கும் வாய் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மீனைப் பிடித்தவருக்குத்தான் அதன் தலை. கல்யாணம் ஆன நாள் முதல் என் தட்டில் விழுந்த தலை, இப்போது தூக்குவாளியில் ஏறித் தெற்குவாசலுக்குப் போனது. எனக்கு வால்.

"ஏ ஒச்சம்மா, வயசான காலத்துல ஒரு தலைக்குக் கூடவா நான் லாயக்கில்ல?"

"புடிச்சவுகளுக்குத்தான் தலை. நீங்களும் புடிங்க, யாரு வேணாங்குறா?"

ஆகவே நானும் ஒரு வெட்டுக்கிளி செய்தேன். அதற்கு மினுமினுக்கிற நூல் வேண்டும். ஒச்சம்மாளின் கல்யாணப் பட்டு பெட்டியில் சும்மாதான் கிடந்தது. கிளிப்பச்சை. முந்தியில் கொஞ்சம் உருவினேன். கொஞ்சம் என்றால் ஒரு வெட்டுக்கிளிக்கு வேண்டியது மட்டும். என் வெட்டுக்கிளி சற்றுப் பெரிய ஜாதி.

பாரூக் வராத நேரமாகப் பார்த்துக் கண்மாய்க்குப் போய் வீசினேன். ஒரு கரிச்சான் குருவி அதை அந்தரத்திலேயே கவ்வியது. கொஞ்ச தூரம் கொண்டுபோய் மென்று பார்த்துவிட்டு, என் கையருகிலேயே வந்து துப்பியது. மறுபடி வீசினேன். தாமரைக்குள் விழுந்ததும் தண்ணீர் பிளந்தது. விரால் இழுத்த இழுப்பில் சமணர் மலை என் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. மலை திரும்ப நிமிர்ந்தபோது நூல் அறுந்திருந்தது. விராலும் இல்லை, பட்டும் இல்லை.

மறுநாள் ஈரச் சாக்கோடு மச்சான் வந்து நின்றார்.

"தங்கச்சி, இந்தா. இம்புட்டுப் பெரிய விரால நான் பாத்ததே இல்ல, மாஷா அல்லாஹ்!"

ஒச்சம்மாள் சாம்பலைத் தேய்த்து அதன் வாயைப் பிளந்தாள். "என்னண்ணே, ரெண்டு வெட்டுக்கிளி இருக்கு?"

பாரூக் கண்ணாடியை மாட்டினார். "இது என்னோடது. அது... அட, பட்டு! முடிச்சப் பாரு தங்கச்சி, வைக்கோல் கட்டுற மாதிரி கட்டியிருக்கான். எவனோ கத்துக்குட்டி."

அந்தக் கத்துக்குட்டி நான்தான் என்று சொன்னால், பட்டு எங்கே கிடைத்தது என்றுதான் ஒச்சம்மாள் அடுத்துக் கேட்பாள்.

"ஆனா ஒண்ணு மாப்ள," என்று அவர் என்னைப் பார்த்தார். "விராலு மொதல்ல ஏமாந்தது இவன்கிட்டத்தான். நியாயமாப் பாத்தா தலை அவனுக்குத்தான் சேரணும். ஆளு யாருன்னு தெரிஞ்சா குடுத்துரலாம்."

சிவப்பாக, குழம்பில் மிதக்கிற அந்தத் தலை என் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான்தான்யா அவன்!" என்று கத்திவிட்டேன்.

ஒச்சம்மாள் அந்தப் பச்சை நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னை. எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மச்சான் முற்றத்துக் காக்காயை ரொம்ப அக்கறையாக வேடிக்கை பார்த்தார்.

முந்தியில் ஓட்டையோடு சேலை வெளியே வந்தது. விளக்குமாறும் கூடவே வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அண்ணே, இத நேர் பண்ண முடியுமா?"

"கவலப்படாத தங்கச்சி. மீன் வாயில இருந்த நூலையும் அலசிக் குடு."

மத்தியானம் தலை என் தட்டுக்கு வந்தது. தலை மட்டும். மீதி மீன் முழுவதும் தூக்குவாளிக்குள் போனது.

"புடிச்சவுக திங்கலாம்," என்றாள். "பட்டுத் தலை, நல்லாத்தான் இருக்கும்."

நன்றாகத்தான் இருந்தது. தின்று முடிக்கும் வரை அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாரூக் அந்த ஓட்டையின் மேலே, அதே பச்சைப் பட்டு நூலில் ஒரு வெட்டுக்கிளியைத் தைத்துக் கொடுத்தார். திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனாள். மண்டபத்துப் பெண்களெல்லாம் மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு அவள் முந்தியைச் சுற்றி நின்றார்கள்.

"யாருத்தா போட்டது?"

"எங்க அண்ணே!"

நூல் உருவியது நான் என்று இரண்டொருவரிடம் சொல்லிப் பார்த்தேன். பந்திக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள்.

திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில், கரண்டுக் கம்பியிலிருந்து ஒரு கரிச்சான் பாய்ந்து வந்து அவள் முந்தியைக் கொத்தியது. விரட்டினால் திரும்ப வந்தது. நன்றாகப் பார்த்தேன். என் பூச்சியைத் துப்பிய அதே பறவை. மச்சான் தைத்ததை மட்டும் விட மாட்டேன் என்கிறது.