கடல்பாசியும் சின்னத்தாயின் கோழிகளும்

எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வந்திருந்தாள் சின்னத்தாய். ஆராய்ச்சிக்கூடத்து வாசலில், அங்கே ஆய்வு செய்யும் ஹம்சவேணியைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். உள்ளே இரண்டு கோழிகள் நோயில் கழுத்து திருகி, மூச்சு மட்டும் ஓடக் கிடந்தன.

"வெள்ளைக்கழிச்சல் தாயி. எல்லாம் போயிருச்சு, இது ரெண்டுதான் மிச்சம். அந்தக் கடல்பாசி மருந்தைக் குடு."

தை மாதம் எழுமலை மகளிர் குழுக் கூட்டத்தில், ஒரு கடல்பாசியிலிருந்து தாங்கள் பிரித்தெடுத்த பொருள் வெள்ளைக்கழிச்சல் வைரஸைக் கோழியின் செல்லில் ஒட்டவிடாமல் தடுக்கிறது என்று ஹம்சவேணிதான் பேசினாள். பெண்கள் கை தட்டினார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் மட்டும் பார்த்தது, கோழிக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை, தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்ல இருந்தாள். கைதட்டலைக் கெடுக்க மனம் வராமல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊசி போடலையாக்கா?"

"மாட்டாஸ்பத்திரியில கூப்பிட்டாக. பாசி இருக்கையில ஊசி எதுக்குன்னு போகல. மல்லிகைக்கு அடிக்கிற பாசித் தண்ணிய உரக்கடையில வாங்கிக் கலந்து வச்சேன். அம்புட்டையும் குடிச்சுச்சுக."

"எங்கிட்ட மருந்து இல்லக்கா. அன்னைக்கே முழுசாச் சொல்லியிருக்கணும். என் தப்பு."

சின்னத்தாய் முந்தானையால் ஒரு கோழியின் அலகைத் துடைத்தாள்.

"எம்பேச்சக் கேட்டு எதுத்த வீட்டு சிவனாண்டியும் ஊசி போடல. அவன் கோழிக இன்னும் நல்லாத்தான் இருக்கு. நீ வந்து சொல்றியா?"

அன்று மாலைக்குள் அந்த இரண்டும் செத்தன.

மறுநாள் கால்நடை டாக்டரை அழைத்துக்கொண்டு எழுமலைக்குப் புறப்பட்டாள் ஹம்சவேணி. கூட்டத்தில் அவள் பொய் ஏதும் சொல்லவில்லைதான். ஆனாலும் வழியெல்லாம் அழகரிடம் மன்னிப்புத்தான் கேட்டாள்.

சிவனாண்டி சிரித்தான். "அன்னைக்குப் பாசின்னீக, இன்னைக்கு ஊசிங்கிறீக. நாளைக்குக் கோழியக் கடல்ல குளிப்பாட்டச் சொல்லுவீகளா?"

பாசியைக் கோழிக்குக் கொடுத்துப் பார்க்கவே இல்லை, அதைச் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றாள் ஹம்சவேணி. சின்னத்தாய் தெருவிலேயே நின்றிருந்தாள். தன் சேலையோடு நோய் உள்ளே வந்துவிடும் என்று பயம். அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"டேய், அந்தப் பிள்ளையே வந்து தப்புன்னு சொல்லுது. எனக்குத்தான் போச்சு, உனக்கும் போகணுமா? கூண்டைத் திறடா!"

சிவனாண்டி முனகிக்கொண்டே திறந்தான். டாக்டர் ஊசி போட்டார். ஹம்சவேணி கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். கைக்குள் அவற்றின் நெஞ்சு படபடத்தது.

வேலை முடிந்ததும் சிவனாண்டி வாசலுக்கு வந்தான். "அக்கா, குஞ்சு பொரிக்கட்டும். உனக்கு ஒரு சோடி தாரேன்."

சின்னத்தாய் எதிரே இருந்த தன் வெறும் கூண்டைப் பார்த்தாள். "இப்ப வேணாம்டா. வீட்டுல நோய் தங்கியிருக்கும்." பிறகு ஹம்சவேணியிடம் திரும்பினாள். "எம்புட்டு நாளைக்குத் தாயி தங்கும்?"

ஹம்சவேணிக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியலக்கா," என்றாள். "இருங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாரேன்."