சம்பந்திக்கு ஆறு கியர்

டிரைவிங் ஸ்கூல் டீச்சர் பத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஆனால் மூன்றாவது கியரைத் தாண்டிப் போனதே அபூர்வம். மைதானத்தைச் சுற்றி ரெண்டு ரவுண்டு, சிக்னல் வரைக்கும், அங்கிருந்து மறுபடி மைதானம். எல் போர்டு மாட்டிய வண்டிக்கு அவ்வளவுதான் உலகம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"எனக்கு ஒரு நீளமான ரோடு வேணுங்க. எங்கேயும் யூ டர்ன் போடாம போய்க்கிட்டே இருக்கணும்."

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவன் பிழைப்பு முழுக்க மேலே, கீழே. கார் ஓட்ட அவன் கற்றுக்கொள்ளவே இல்லை. "வீட்ல வாங்குற திட்டு போதும் டீச்சர், ரோட்லயும் வேணாம்" என்பான். ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "போலாம். வெளிநாட்டுக்கே போலாம். வீட்டையும் கூடவே எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு வேன் இருக்காமே" என்றான்.

ஏழு மாதம் கழித்து, இருவரும் வெளிநாட்டில் ஒரு வாடகை வண்டிக் கொட்டகையில் அந்த வேனுக்கு எதிரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வெள்ளை வெளேரென்று, ஏழு மீட்டர் நீளம். உள்ளே கட்டில், ரெண்டு அடுப்பு, ஃபிரிட்ஜ், குனிந்து குளிக்க ஒரு குளியலறை. வாடகைக்காரப் பெண் தண்ணீர் எங்கே ஊற்றுவது, கழிவுப் பெட்டியை எப்படி உருவுவது என்று கைஜாடையும் பேச்சுமாக இருபது நிமிஷம் விளக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

"சம்பந்தி மாதிரி இருக்கு" என்றான் மெக்கானிக் மெதுவாக.

"என்னது?"

"பாரேன். ஆள் பெருசு. அதட்ட முடியாது. இடிச்சுக்கிட்டா வம்பு. பாத்துப் பாத்துதான் நடந்துக்கணும்."

வண்டிக்கு அதுவே பெயராகிவிட்டது.

டீச்சர் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் இடது பக்கம். "பத்தொன்பது வருஷமா நான் இடது சீட்லதானே உக்காந்திருக்கேன். இப்பதான் அங்க ஸ்டியரிங் வச்சுக் குடுத்திருக்காங்க" என்று கையைத் தேய்த்துக்கொண்டாள். முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டாள். சுள்ளென்ற வெயிலில் வைப்பர் கறக் கறக்கென்று ஆடியது. ரெண்டாவது திருப்பத்தில் பின்னால் தடதடவென்று சத்தம். அலமாரிக் கொக்கியை மாட்ட மறந்திருந்தார்கள். மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்த துவரம் பருப்பு அவிழ்ந்து கட்டில் வரைக்கும் ஓடியிருந்தது. மெக்கானிக் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினான்.

"யாரு மாட்டணும் கொக்கிய?"

"டிரைவர்தான் வண்டிய செக் பண்ணணும்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுக்குற!"

பிறகு நெடுஞ்சாலை வந்தது. ரெண்டு பக்கமும் மஞ்சள் வயல், நடுவில் நூல் பிடித்தது போல ரோடு. டீச்சர் மூன்றாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போனாள். கை பழகிப்போன இடத்தில் நின்றுவிட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான்கு. ஐந்து. சம்பந்தியின் உறுமல் அடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை கையை அசைத்தாள். ஆறு.

"ஏங்க! ஆறாவது கியர்! ஆறுங்க!" என்று கத்தினாள். சிரிப்புச் சிரிப்பாக வந்தது. மெக்கானிக் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே, "நீ நடத்து டீச்சர், நடத்து!" என்று கைதட்டினான்.

மறுநாள்தான் சோதனை. இந்த மாதிரி வேன்கள் இரவு தங்கும் ஏரிக்கரை முகாமுக்குக் குறுக்கு வழி என்று போன் காட்டிய பாதையில் திரும்பினார்கள். ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் பள்ளம். கண்ணாடியில் இலை உரசும் அளவுக்கு ஒடுக்கம். ஒரு வளைவைத் தாண்டியதும் எதிரே டிராக்டர். பின்னால் மலை மாதிரி வைக்கோல் கட்டுகள். ஓட்டிவந்த விவசாயிப் பெண் ரெண்டு கையையும் விரித்தாள். அவளால் பின்னால் போக முடியாது. இவர்கள்தான் போயாக வேண்டும், முந்நூறு மீட்டராவது.

டீச்சருக்கு வியர்த்தது. "சின்னக் காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன். இது வீடுங்க. வீட்ட எப்படி ரிவர்ஸ் எடுக்கறது?"

பின்பக்கக் கேமராவில் சேறு அப்பியிருந்தது. மெக்கானிக் கதவைத் திறந்து இறங்கினான். "போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வை. நாங்க எப்பவும் ரெண்டு பேராத்தான் வேலை பாப்போம். ஒருத்தன் மேல மோட்டார் ரூம்ல, ஒருத்தன் கீழ குழியில. ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாது. நான் சொல்றத நீ திருப்பிச் சொல்லு, அப்புறமா செய். திருப்பிச் சொல்லாம எதையும் தொடாத."

பின்னால் போய் நின்றான். போனில் அவன் குரல் வந்தது. "இடது."

"இடது. எந்த இடது? உங்க இடதா, என் இடதா?"

மெக்கானிக் சுவரையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி, இடது வலது வேணாம். வால் சுவர்ப் பக்கம், வால் பள்ளத்துப் பக்கம். இப்ப வால் சுவர்ப் பக்கம், கொஞ்சூண்டு."

"வால் சுவர்ப் பக்கம், கொஞ்சூண்டு."

சம்பந்தி நகர்ந்தது. அங்குலம் அங்குலமாக. அவன் குரல் வீட்டில் கேட்கும் குரலாக இல்லை. அவசரம் இல்லை, கேலி இல்லை. "நிறுத்து" என்றால் நிறுத்தினாள். வளைவில் பின் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மண்ணைச் சரித்தது. "நிறுத்து. ஒரு முழம் முன்னாடி போ. பயப்படாத, நான் சக்கரத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவள் முன்னால் போனாள், மறுபடி பின்னால் வந்தாள். இத்தனை வருஷத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனை பேருக்குத் தைரியம் சொல்லியிருப்பாள். அவளுக்கு ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

வயலுக்குப் போகும் வாசல் ஒன்று திறந்து கிடந்தது. சம்பந்தியின் வாலை அதற்குள் விட்டு ஒதுங்கி நின்றதும் டிராக்டர் உரசாமல் கடந்து போனது. போன டிராக்டர் நின்றது. விவசாயிப் பெண் குதித்து ஓடிவந்து, டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். புரியாத மொழியில் என்னென்னவோ சொன்னாள். பிறகு அந்த வயலையே காட்டி, தலையைச் சாய்த்துக் கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது போலக் காட்டினாள்.

"இங்கேயே தங்கச் சொல்றாங்க" என்றான் மெக்கானிக். அவன் சட்டை முழுக்கச் சேறு.

அறுவடை முடிந்த வயல் சரிந்து சரிந்து போய் ஏரியில் முடிந்தது. முகாமில் நாற்பது வண்டிகளுக்கு நடுவே நின்றிருக்க வேண்டியவர்கள், ஒரு ஏரியையே முழுசாகப் பார்த்துக்கொண்டு நாற்காலி போட்டார்கள். பொறுக்கிய பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டாள் டீச்சர்.

"நல்லா சொல்லிக் குடுக்குறீங்க" என்றாள்.

"ஃபீஸ் எவ்வளவு தருவே?"

"சோறு உண்டு. வேற ஒண்ணும் கிடையாது."

காலையில் மெக்கானிக் கண் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. கதவைத் திறந்து பார்த்தான். டீச்சர் சுடிதாரோடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்று பதறி ஓடினான்.

"ஒண்ணும் ஆகல! ஐஸ் மாதிரி இருக்கு! வாங்க!"

"எனக்குச் சளி பிடிக்கும்."

"பிடிக்கட்டும். இன்னும் பதினோரு நாள் இருக்கு, சரியாயிடும். வாங்கன்னா!"

அவன் லுங்கியை மடித்துக் கட்டினான், ஒரு காலை நனைத்தான், எடுத்தான். அவள் ரெண்டு கையாலும் வாரி இறைத்தாள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அப்படியே குதித்தான். அவன் போட்ட சத்தத்தில் கரையோர நாணலிலிருந்து பறவைகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன.