இடக்கை முடிச்சு

ஷானவாஸ் உள்ளே போவானா, வெளியே இருப்பானா என்பது புதன்கிழமை தெரிந்துவிடும். அதுவரை அவனும் தூங்கமாட்டான், அக்கா சகீலாவையும் தூங்கவிடமாட்டான்.

"லாத்தா, நான் பில்லு போட்டு வாங்குன சரக்கு," என்றான், அன்றைக்கு ஆறாவது தடவையாக.

"தெரியும்டா. எத்தன வாட்டி சொல்லுவே?"

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பன்னிரண்டு வருடமாக மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவள் சகீலா. புருஷன் விட்டுப்போன கடை. கருகிய மோட்டார் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் போன வாரம் கருகிய ஒன்று தம்பியின் கழுத்தில் வந்து விழுந்துவிட்டது. அவன் விற்ற ஹாவிட்டன் மிக்ஸி ஒரு ஹோம்ஸ்டே அடுக்களையில் தீப்பிடித்து, சமையல்காரியின் கையைச் சுட்டுவிட்டது.

ஹாவிட்டன் என்றால் சும்மாவா! பெட்டி மேல் கிரீடம், அதன் அடியில் 'லண்டன், 1931'. கம்பெனியிலிருந்து வந்த வெங்கிடேஸ்வரன் கருகிய மிக்ஸியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'இது எங்களுடையதே அல்ல. எங்கள் பெயரை ஒட்டி விற்ற போலி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஷானவாஸுக்குப் பில் போட்டுக் கொடுத்த ஏஜென்டின் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. புதன்கிழமை ஸ்டேஷனில் அசல் மிக்ஸி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். போலி என்று ஆனால் ஷானவாஸுக்கு அன்றைக்கே ரிமாண்ட்.

"லாத்தா, நெசமாச் சொல்லு. அது அசலா, போலியா?"

"ரெண்டும் இல்ல. எல்லாம் ஒரே அடுப்புல வெந்ததுதான்."

அவளுக்கு எப்படித் தெரியும்? போலீஸ் எடுத்துப் போகுமுன் அந்த மிக்ஸி ரிப்பேருக்கென்று அவளிடம்தான் வந்தது. அடிமூடியைக் கழற்றியதுமே கண்ணில் பட்டது அந்த முடிச்சு.

மோட்டாரில் செம்புக் கம்பிச் சுருளை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். எல்லாரும் நாலு சுற்றுச் சுற்றி ஒரு முடி போட்டு விடுவார்கள். இது அப்படியில்லை. மல்லிகைச் சரம் தொடுப்பதுபோல வரிசையாகச் சுருக்குகள், அத்தனையும் இடப்பக்கம் திரும்பியவை. ஆறு வருடமாக ஐந்தாறு கம்பெனிப் பெயர் போட்ட மிக்ஸிகளுக்குள் அவள் இதே கட்டைப் பார்த்துவருகிறாள். பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் பாண்டிச்செல்வி ஒருநாள் தன் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தாள். மேஜையில் திறந்து கிடந்த வேறொரு மோட்டாரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்ய, இது நான் கட்டுனதாச்சே!" அன்றிலிருந்து அது இரண்டு பேருக்குள் ஒரு வேடிக்கையாக இருந்தது.

இப்போது வேடிக்கையாக இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் சகீலா முழங்கால் வலியோடு பஸ் பிடித்து, பாண்டிச்செல்வி வேலை பார்க்கும் இடக்கொச்சிக்குப் போனாள். தகரக் கொட்டகை, இரும்பு கேட், பெயர்ப்பலகை கிடையாது. எதிரே சாயாக் கடையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே வந்த பாண்டிச்செல்வி அவளைக் கண்டு திகைத்தாள்.

"என்னக்கா இங்க? கேட்டுல கேமரா இருக்கு. இப்படி உள்ளாற வாங்க."

கடையின் பின்பக்கம், காலிச் சிலிண்டர்களுக்கு நடுவே நின்றார்கள்.

"ஹாவிட்டன் இங்கதானே ஆகுது, செல்வி?"

"செவ்வா, வியாழன் ஹாவிட்டன். மத்த நாளு வேற வேற பேரு. மூடி கலர் மாறும், ஸ்டிக்கர் மாறும். உள்ள இருக்கிற மோட்டாரு எப்பவும் நானும் கூட வேலை பாக்குற மகாவும் கட்டுறதுதான்."

"பெட்டியில லண்டன்னு போட்டிருக்கே."

"சிவகாசிய விட்டா எனக்குக் கொச்சிதான்க்கா தெரியும்."

சகீலாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயும் விட்டது. விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் தம்பி பிழைத்தான்.

பாண்டிச்செல்வி சோற்று டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு மிக்ஸி செய்றோம்னு வெளிய வாயத் திறந்தா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவேன்னு எல்லார்ட்டயும் மொதலாளி கையெழுத்து வாங்கிருக்கான்க்கா. எங்க வீட்டுக்காரரு முதுகு ஒடிஞ்சு எட்டு மாசமாப் படுக்கை. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"முடிச்சக் காட்டணும்னா காட்டிக்கோங்க. என் பேரு மட்டும் வேணாம்."

"சொல்லமாட்டேன், செல்வி."

புதன்கிழமை பதினோரு மணி. எஸ்.ஐ. சேவியரின் மேஜையில் கருகிய மிக்ஸி ஒரு பக்கம், வெங்கிடேஸ்வரன் கொண்டுவந்த புத்தம்புது ஹாவிட்டன் ஒரு பக்கம். ஷானவாஸ் சுவரோரம் நின்றான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாருங்க சார். பினிஷிங்கே வேற," என்றார் வெங்கிடேஸ்வரன்.

"தீயில கருகுனா பினிஷிங் எப்படி சார் இருக்கும்? அடிமூடியக் கழட்டலாமா?" என்றாள் சகீலா.

"சீல உடைக்கக் கூடாது மேடம்."

சேவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒப்பிடத்தானே கொண்டுவந்தது? நோக்கட்டே, பாத்துரலாம். இத்தா, நீங்க திறங்க."

நான்கு ஸ்க்ரூ. பிறகு இன்னொரு நான்கு. இரண்டு மோட்டார்களையும் அருகருகே வைத்துவிட்டு சகீலா நாற்காலியில் சாய்ந்தாள். ஒன்றில் கரிபிடித்த நூல், மற்றதில் வார்னிஷ் மினுங்கும் நூல். இரண்டிலும் இடப்பக்கம் திரும்பிய அதே சுருக்குகள்.

"நூல் கட்டுறதுல என்ன இருக்கு? யார் வேணா கட்டலாம்," என்றார் வெங்கிடேஸ்வரன்.

"இது பூக்கட்டுற சுருக்கு சார். அதுவும் இடது கை. ஒரே ஆளு கட்டுனது."

"அப்ப எங்க சரக்கு செய்யிற எடத்துல இருந்து எவனாவது திருட்டுத்தனமா வெளிய..." என்று ஆரம்பித்த வெங்கிடேஸ்வரன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சேவியர் காலிப் பெட்டியைத் திருப்பினார். "எந்த இடம் சார்? இதுல கோயம்புத்தூர் சொந்த பேக்டரின்னு அச்சடிச்சிருக்கே."

வெங்கிடேஸ்வரன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பியவரின் குரல் நெய்போல இருந்தது. ஏதோ தவறான புரிதல். புகாரை வாபஸ் வாங்குகிறோம். கை சுட்ட அந்தம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு எங்களுடையது. ஷானவாஸ் இதை வெளியே பேசமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஷானவாஸ் படிக்காமலே போட்டான்.

போகுமுன் வெங்கிடேஸ்வரன் குனிந்து, முடிச்சைக் கிட்டத்தில் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"யாரோட கை மேடம் இது?"

"தெரியாது சார்."

"பரவால்ல. நாங்க பாத்துக்கறோம்."

வாசலில் ஷானவாஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "பிரியாணி வாங்கட்டா லாத்தா?"

"நீ போ. உம்மா காத்துட்டிருக்கும்."

பாண்டிச்செல்விக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது, வேலைக்குப் போகும்போது கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெங்கிடேஸ்வரனின் வெள்ளைக் கார் தெற்கே, இடக்கொச்சிப் பக்கம் திரும்பியது. சகீலாவுக்கு பஸ் வர இருபது நிமிடமாயிற்று. வந்த பஸ்ஸும் தோப்பும்படி ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்தது.

அவள் போய் இறங்கியபோது அந்தக் கார் கேட்டுக்குள் நின்றிருந்தது. சாயாக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேறென்ன செய்ய?

ஒரு மணி நேரம் இருக்கும். கேட் திறந்தது. சாப்பாட்டு மணி அடிக்கவில்லை, ஷிப்டு முடியவும் நேரமிருந்தது. பாண்டிச்செல்வி மட்டும் வந்தாள், கையில் சோற்று டப்பா, செருப்பு, வேலைநேரத்தில் போடும் பழைய சட்டை, எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு.

"நான் பேரச் சொல்லல, செல்வி."

"தெரியும்க்கா. எங்க யாருட்டயும் ஒண்ணும் கேக்கல. எல்லாரையும் வரிசையா உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு கம்பிச்சுருளு கட்டுங்கன்னாங்க. அவ்ளோதான்."

"மாத்திக் கட்டியிருக்கலாமேடி."

"மாத்தத்தான் பாத்தேன். வலது கையில நூலப் புடிச்சேன். நாலு சுத்து ஒழுங்காத்தான் சுத்துனேன். அப்புறம் எப்ப கை மாறுச்சுன்னே தெரியல. பாதி கட்டி முடிச்சிட்டுத்தான் பாத்தேன்."

சகீலா நகர்ந்து இடம் விட்டாள். பாண்டிச்செல்வி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க தம்பிய விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"அப்ப சரி."

கேட்டுக்குள் மெஷின்கள் ஓடும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

"சாயா குடிக்கிறியா, செல்வி?"

"ஒண்ணு சொல்லுங்கக்கா. இனி மணி பாக்கவேண்டியதில்ல."