பூசைக்குப் பிறகு எங்கே?

பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக்கூடாது என்றிருந்த காலம் அது. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த கத்தோலிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே மலையிறங்கி, ரத்தோட்டையில் பஸ் பிடித்து, மாத்தளைக் கோயிலுக்கு வந்து சேர்வார்கள். பாட்டுப்பூசை நீளமானது. பூசை வைக்கும் சாமியின் பிரசங்கம் அதைவிட நீளமானது. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது காலைச் சாப்பாட்டு நேரம் போயிருக்கும். பகல் சாப்பாட்டு நேரம் வந்திருக்காது. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டுவிடும் பசியோடு கோயில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். தோட்டத்துக்காரர்களுக்கு மாத்தளைதான் பட்டணம். பட்டணத்தில் கடைகள் நிறைய இருந்தன. எந்தக் கடைக்குப் போவது என்று அந்தோனிமுத்துவைக் கேட்பார்கள்.

அவர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். சாப்பாட்டு விஷயத்தில் அவரை யாரும் நியமிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைவக்கடைச் சாம்பாரைப் பற்றி ஏதோ சொன்னார். அது சரியாகப் போயிற்று. அடுத்த வாரமும் கேட்டார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சைவக்கடை, பேக்கரி, பாற்சோறு விற்கும் சிங்களக் கடை எல்லாவற்றையும் பற்றி அவருக்குக் கருத்து இருந்தது. ஆனால் அவர் போவதெல்லாம் பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயிருந்த மீராசாஹிப்பின் ஹோட்டலுக்குத்தான். காற்றாடிக்குக் கீழே இருந்த மேசை அவருக்காகக் காலியாக இருக்கும். பராட்டாவும் ஆட்டுக்கறியும் வரும். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துவாயில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "இன்னைக்கி கறி நல்லா எறங்கியிருக்கு" என்பது போன்ற வாக்கியம். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் உள்ளே வந்து உட்காருவார்கள். மீராசாஹிப்புக்கும் அதுவரை உட்கார மனம் வராது.

அந்தோனிமுத்துவின் மனைவி சவரியம்மா எதிரே உட்கார்ந்து அதே பராட்டாவையும் அதே கறியையும் சாப்பிடுவாள். அவளை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டபோது அந்தோனிமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கி இரண்டு ஞாயிறு படுக்கையில் போயிற்று. சவரியம்மா தொழிலாளர் லயத்துப் பெண்களோடு பூசைக்குப் போய் வந்தாள். அவர் எழுந்து நடமாடியபோது காய்ச்சல் இல்லை, சளி இல்லை, மூக்கில் வாசமும் இல்லை. முதலில் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளாக்கர் வேலைக்கு மூக்கு தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மீராசாஹிப்பின் மேசையில் உட்கார்ந்து முதல் வாயைப் போட்டபோதுதான் பயந்துபோனார். பராட்டா நனைந்த கடதாசி மாதிரி இருந்தது. கறி சூடாக இருந்தது, காரமாக இருந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கிறிஸ்தோபர் வாசலில் நின்றபடி, "எப்படிங்க கிளாக்கரய்யா?" என்று கேட்டான்.

"பரவால்ல" என்றார் அந்தோனிமுத்து.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை இதற்கு முன் வந்ததே இல்லை. வாசலில் நின்ற கூட்டம் அப்படியே திரும்பிச் சைவக்கடைக்குப் போயிற்று. மீராசாஹிப் அடுப்படிக்குள் போய்ச் சமையல்காரனோடு நெடுநேரம் பேசினார். பேச்சு தெருவரைக்கும் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் அந்தோனிமுத்து மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"சவரி, எனக்கு வாசம் தெரியல."

"எதுல?"

"எதுலயும்."

"காய்ச்சல்லேருந்தா?"

"ஆமா."

"அதான். புதன்கெழம கருவாடு தீஞ்சு போச்சு. நீங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்டீங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ஒங்களுக்குப் புடிச்சிருக்காக்கும்னு நெனச்சேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். "நீ ருசி பாத்து எனக்கு மெதுவா சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அடுத்த ஞாயிறு அப்படியே செய்தார்கள். மீராசாஹிப் தோளில் துவாயோடு சற்றுத் தள்ளி நின்றார். சவரியம்மா ஒரு துண்டு பராட்டாவைக் கறியில் தோய்த்து வாயில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"பராட்டா நல்லா இருக்கு. கறி பழைய எண்ணெயில வச்சது."

"பழைய எண்ணெயா? இன்னைக்கா?"

"எப்பவுமேதான்."

"எப்பவுமேன்னா?"

"எனக்கு இந்தக் கட புடிக்கவே புடிக்காது."

அந்தோனிமுத்து மெல்லுவதை நிறுத்தினார். "இத்தன வருசமா வாயத் தொறக்கலயே நீ."

"நீங்க கேக்கலயே."

மீராசாஹிப் கிட்டே வந்தார். கறியை அவர் ஆணம் என்பார். "என்னங்க கிளாக்கரய்யா, ஆணம் எப்படி ஈக்குது?"

அந்தோனிமுத்துவுக்கு வேறு வழியில்லை. "எண்ணெய் பழசு நானா" என்றார்.

மீராசாஹிப்பின் முகம் வெளுத்தது. எண்ணெய் பழசுதான். கடை திறந்த நாளிலிருந்து முதல் நாள் எண்ணெயில் மறுநாள் கறி வைப்பது அவர் வழக்கம். இத்தனை காலமும் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. கிளாக்கருக்குக் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு பயங்கரக் கூர்மையாகிவிட்டது என்று அன்றே கடைத்தெருவில் பேச்சு பரவியது. பேக்கரிக்காரர் அன்றைக்குச் சுட்ட பாணைத் தவிர மற்றதையெல்லாம் உள்ளே எடுத்து வைத்தார்.

"அப்ப இனிமே எங்க போறது?" என்று வீட்டில் வைத்து அந்தோனிமுத்து கேட்டார். இப்படி அவர் மனைவியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சவரியம்மா தயாராக இருந்தாள். அவர் படுத்திருந்த இரண்டு ஞாயிறும் பெண்கள் தனியாக ஹோட்டலுக்குள் போய் உட்கார முடியாமல் கடைத்தெருவில் நின்றிருக்கிறார்கள். மூடிய தட்டோடு போன ஒரு பெண்ணைக் கேட்டதில், பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் ஸைனம்பு என்ற விதவை தன் வீட்டில் இடியப்பம் விற்பதாகச் சொன்னாளாம். தேடிப் போனவர்களை ஸைனம்பு உள்ளே பாய் விரித்து உட்காரவைத்து, இடியப்பமும் கோழி ஆணமும் சம்பலும் வைத்தாளாம். "அந்தச் சாப்பாட்ட நான் என்னன்னு சொல்லுவேன்" என்றாள் சவரியம்மா. அதற்குமேல் அவள் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அந்தோனிமுத்துவுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"என்கிட்ட அப்ப ஏன் சொல்லல?" என்று கேட்க வாயெடுத்து, பதில் தெரிந்திருந்ததால் கேட்காமல் விட்டார்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் கிறிஸ்தோபர் கேட்டபோது, "பள்ளிவாசல் சந்து" என்றார் அந்தோனிமுத்து. கூட்டம் அவர் பின்னால் வந்தது. ஸைனம்பு கதவைப் பாதி திறந்து பார்த்தாள். பெண்களை உள்ளே விட்டாள். ஆண்களிடம், "வூட்டுல ஆம்புளயாள் இல்ல வாப்பா. ஒங்களுக்கெல்லாம் வெளியதான்" என்று சொல்லி, ஜன்னல் வழியாகத் தட்டுகளை நீட்டினாள்.

சந்தில் உட்கார ஒரு கல் கூட இல்லை. கிளாக்கர்களும் கங்காணிமார்களும் டிஸ்பென்சரும் கோயிலுக்கு உடுத்தி வந்த வெள்ளை உடுப்போடு சுவரோரமாக வரிசையாக நின்று, ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தூறல் விழுந்தது. தொழுகைக்குப் போகிறவர்கள் சலாம் சொல்லிவிட்டு வழிவிடச் சொன்னார்கள். தட்டைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கிறிஸ்தோபர் சாப்பிடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தோனிமுத்துவின் வாயையே பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். அந்தோனிமுத்து மென்றார். சூடு இருந்தது. மெத்தென்று இருந்தது. சவரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இதை அவர்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை.

"எப்படிங்க?" என்றான் கிறிஸ்தோபர்.

அந்தோனிமுத்து இன்னொரு வாய் போட்டு மென்றார். தூறல் வலுத்தது. கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பி, "சவரி!" என்று கூப்பிட்டார்.

சவரியம்மா விரல்களில் ஆணத்தோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"எப்படி இருக்குன்னு கேக்குறாங்க" என்றார் அவர்.

"யாரக் கேக்குறாங்க?"

"ஒன்னத்தான் கேக்கணும். எனக்குத்தான் காய்ச்சலோட மூக்கு போயிருச்சே. போன வாரம் எண்ணெய் பழசுன்னு சொன்னதும் நீதான்."

கிறிஸ்தோபர் தட்டைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். சவரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"இடியப்பம் பஞ்சு. ஆணத்துல ஒரு குத்தமும் சொல்ல ஏலாது. சம்பல்ல மட்டும் புளி கொஞ்சம் கூட."

"தேசிக்கா பெரிசு" என்று எலுமிச்சையின் மேல் பழியைப் போட்டு உள்ளேயிருந்து ஸைனம்பு ஒத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

செய்தி மீராசாஹிப்பின் காதுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு அவரே கோயில் வாசலுக்கு வந்து, பூசை முடியும்வரை குடையோடு தெருவின் மறுபக்கம் நின்றார். சவரியம்மா வெளியே வந்ததும் நேராக அவளிடம் போனார்.

"எங்கட கடையில வேறென்ன குறை ஈக்குதும்மா? மறைக்காமச் சொல்லுங்க."

சவரியம்மா கணவரைப் பார்த்தாள். அவர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னாள். தேநீரில் அடுப்புப் புகை வாசம். பருப்பில் மஞ்சள் பச்சையாக நிற்கிறது. தண்ணீர்க் குவளைகளில் மீன் வாடை. பராட்டாவை மட்டும் குறை சொல்ல முடியாது, ஆனால் அதைச் சுடும் கல்லைத் துடைக்கிற துணியைப் பற்றிச் சொல்லலாம். பெண்கள் உட்கார ஒரு மறைவும் இல்லை. ஊரே பார்க்கும்போது வாய்க்குள் எப்படிச் சாப்பாடு இறங்கும்? மீராசாஹிப் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்று கேட்டார்.

இரண்டு மாதத்தில் எண்ணெய் மாறியது. துணி மாறியது. கடையின் பின்பக்கம் திரை போட்டு ஒரு அறை வந்தது. மீராசாஹிப் சவரியம்மாவை அழைத்து, காசு வாங்காமல் முதல் சாப்பாடு போட்டார். அவள் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு நானா" என்று மனதாரச் சொன்னாள். அந்த வாரம் திரை அறையில் இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவள் மறுபடியும் ஸைனம்பு வீட்டுக்குப் போனாள். பெண்களில் பாதிப் பேர் அவளோடு போனார்கள்.

அந்தோனிமுத்துவுக்கு வாசம் திரும்பி வரவில்லை. பூசை முடிந்ததும் அவர் மீராசாஹிப்பின் கடையில் காற்றாடிக்குக் கீழே போய் உட்காருவார். எதைச் சாப்பிட்டாலும் ஒன்றுதான் என்றான பிறகு, நாற்காலி இருக்கும் இடமே நல்லது என்று தீர்மானித்துவிட்டார். மீராசாஹிப்பும் இப்போது எதிரே உட்கார்ந்துகொள்வார். ஆணம் எப்படி என்று கேட்பதில்லை. மிளகு விலையைப் பற்றியும் நாவுலப் பக்கம் மழை பெய்யாததைப் பற்றியும் பேசுவார்கள்.

பிறகு பஸ்ஸில் சவரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய சாப்பாட்டைச் சொல்லுவாள். தேங்காய்ப்பாலின் வாசம் எப்போது மேலே வந்தது, கறிவேப்பிலை எந்தப் பதத்தில் இருந்தது என்றெல்லாம் சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில வாரம் ரத்தோட்டை வந்த பிறகும் அவள் ஆணத்தை முடித்திருக்க மாட்டாள். இறங்கி நடந்துகொண்டே மிச்சத்தைச் சொல்லுவாள்.