இரண்டாவது சபை

மெல்பர்னின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஐந்தும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதற்கு விதிகள் எழுதும் வேலை ஹரிப்பிரியாவிடம் வந்து சேர்ந்ததில் யாருக்கும் வியப்பில்லை. திருச்சியிலிருந்து மாணவியாக வந்தவள். ஆய்வை இங்கேயே முடித்து, பதினெட்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க அரசமைப்பைப் பாடமாக நடத்திவருகிறாள். பலர் சேர்ந்து ஒன்றாவது எப்படி என்று சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம்.

அவளுடைய பிள்ளைகள் படித்தது ரோவில் பள்ளியில். நூற்றைம்பது குழந்தைகள், பெரிய பள்ளி. ட்ருகனினாவில் இருந்தது மிகச் சின்னது. நாற்பத்துமூன்று குழந்தைகள், பெரும்பாலும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள். அதை நடத்தியவள் யாமினி. வாரம் முழுதும் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை காலையில் வகுப்பறைச் சாவியை வாங்கிக்கொண்டு ஓடுவாள்.

ஆரம்பக் கூட்டங்களுக்கு இருவரும் ஒரே காரில் போய்வந்தார்கள். அந்தப் பயணங்களில்தான் ஹரிப்பிரியா அவளுக்கு ஃபிலடெல்ஃபியா கதையைச் சொன்னாள். அமெரிக்க அரசமைப்பு எழுதப்பட்ட 1787 கோடையில் பெரிய மாநிலங்கள் ஆள்தொகைப்படி இடம் வேண்டுமென்று நின்றதையும், டெலவேர் போன்ற சின்ன மாநிலங்கள் எழுந்து போய்விடுவோம் என்றதையும், கடைசியில் ஒரு சபையில் தலைக்கணக்கு, இன்னொரு சபையில் எல்லோரும் சமம் என்று முடிந்ததையும் வகுப்பில் சொல்வதைவிட ரசித்துச் சொன்னாள். அந்தச் சமத்துவத்தை மட்டும் ஒரு மாநிலத்திடமிருந்து அதன் சம்மதமில்லாமல் திருத்தம் போட்டுக்கூட எடுக்க முடியாது என்றபோது யாமினி காரை ஓட்டியபடியே சிரித்தாள். அந்த டெலவேர்க்காரர் எங்கள் ஊர் ஆட்களைப் போல விடாக்கண்டர்கள் என்றாள்.

ஹரிப்பிரியாவின் முதல் வரைவில் இரண்டு சபைகள் இருந்தன. ஒன்றில் இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஒரு பிரதிநிதி. மற்றதில் பள்ளிக்கு இரண்டு பேர். பாடத்திலும் தேர்விலும் எந்த மாற்றமானாலும் இரண்டு சபைகளும் ஒப்ப வேண்டும், இரண்டாவது சபையில் ஒரு பள்ளி மறுத்தாலும் அது நிறைவேறாது என்று எழுதியிருந்தாள்.

ரோவில் பள்ளியின் தலைவர் சேஷாத்ரி அதைப் படித்துவிட்டு நயமாகத்தான் பேசினார். கெட்ட மனிதர் இல்லை அவர். பத்து வருடமாகத் தன் சனிக்கிழமைகளைப் பள்ளிக்குக் கொடுத்தவர். ஐந்து பள்ளிக்கு இரண்டு சபை தேவையா என்றார். இதைப் பார்த்தால் ஒருவரையொருவர் நம்பாதவர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் மாதிரி இருக்கிறதே என்றார். கூட்டமைப்பின் முதல் தலைவராக ஹரிப்பிரியாதான் இருக்க வேண்டும் என்பது தன் விருப்பம் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

நம்பாதவர்கள் எழுதிக்கொண்டதால்தான் அந்த ஒப்பந்தம் இத்தனை காலம் நிலைத்தது என்று அவளுக்குத் தெரியும். வருடா வருடம் மார்ச்சில் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்கிறாள். ஆனால் ஆண்டு இறுதிக்குள் எல்லாம் முடிய வேண்டியிருந்தது. எல்லோரும் களைத்திருந்தார்கள். தலைவர் பதவி என்ற சொல் வேறு காதில் இனிப்பாக விழுந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணினியின் முன் உட்கார்ந்து, அந்த இரண்டாவது சபையை வரைவிலிருந்து எடுத்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பினாள்.

யாமினி அன்று மாலையே போன் செய்தாள்.

"அக்கா, அந்த ரெண்டாவது சபையை ஆர் எடுத்தது?"

"நான்தான் எடுத்தேன். இப்போதைக்கு இப்படி இருக்கட்டும் யாமினி. அடுத்த வருஷம் ஒரு திருத்தம் கொண்டுவந்துடலாம். எல்லாம் நம்ம ஆளுங்கதானே."

"சரி அக்கா. உங்களை நம்பித்தான் கையெழுத்துப் போடுறன்" என்றாள் யாமினி.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. ஒரே பாடநூல் அச்சாகி வந்தது. இரண்டாம் வருடம் பொதுத் தேர்வு வந்தது. மூன்றாம் வகுப்புத் தாளில் படம் பார்த்துப் பெயர் எழுதச் சொல்லியிருந்தார்கள். ட்ருகனினாப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதையே எழுதினார்கள்: கதிரை, குசினி. விடைக்குறிப்பில் நாற்காலி என்றும் சமையலறை என்றும்தான் இருந்தது. திருத்தியவர்கள் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்கள். தாள்கள் வீடு போனதும் பெற்றோர் யாமினியிடம் வந்து நின்றார்கள். எங்கள் வாயில் வருவது தமிழ் இல்லையா என்று கேட்டார்கள்.

யாமினி ஒரு தீர்மானத்தோடு வந்தாள். அந்தந்தப் பள்ளி தன் வழக்குச் சொற்களை வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கு மதிப்பெண் குறைக்கக்கூடாது என்பதுதான் அது. சேஷாத்ரி எழுந்து, பொதுத் தேர்வென்றால் ஒரே விடைக்குறிப்புத்தான் இருக்க முடியும், ஆளுக்கொரு சொல் என்றால் கூட்டமைப்பே எதற்கு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலைவர் நாற்காலியில் இருந்த ஹரிப்பிரியா பேசியிருக்கலாம். தலைவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாக்கெடுப்புக்கு விட்டாள். இருபத்தொன்றுக்கு மூன்று. அடுத்த கூட்டத்தில் யாமினி, பழைய இரண்டாவது சபையைத் திருத்தமாகக் கேட்டாள். அதற்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்று எழுதி வைத்திருந்ததும் ஹரிப்பிரியாதான். அதே மூன்று கைகள் மட்டுமே உயர்ந்தன.

யாரும் சண்டை போடவில்லை. ட்ருகனினாப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளியிலிருந்து நின்றார்கள். அடுத்த பள்ளித் தவணையில் இருபத்தாறு பேர், அதற்கடுத்ததில் பதினொருவர். பிறகு வகுப்பறைகளை யாமினி திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த மாதமே அவள் கணவன் அருந்தவனுக்கு வேலை சிட்னிக்கு மாறியது. வேலைக்காகத்தான் போகிறார்கள் என்று ஹரிப்பிரியா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஏறக்குறைய ஒரு வருடம் அந்தச் சமாதானம் தாங்கியது.

சென்ற ஆகஸ்டில் ஒரு கருத்தரங்குக்காகச் சிட்னி போனபோது, நார்த்மீடில் யாமினியின் வீட்டைத் தேடிப் போனாள். யாமினி முகம் சுளிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றி, கடலை வடை வைத்தாள். பிள்ளைகளின் பள்ளி, அருந்தவனின் முதுகுவலி, வீட்டு வாடகை என்று பேச்சு ஓடியது. இங்கே எந்தத் தமிழ்ப் பள்ளியில் கற்பிக்கிறாய் என்று ஹரிப்பிரியா கேட்டாள். தான் இப்போது ஓரிடத்திலும் கற்பிப்பதில்லை என்றாள் யாமினி. சனிக்கிழமைகளில் நித்திரை கொள்கிறேன் என்றும் சொன்னாள்.

அதற்குமேல் ஹரிப்பிரியாவால் சுற்றிவளைக்க முடியவில்லை. "நான் செஞ்சது தப்பு யாமினி. அந்த சபையை நான் எடுத்திருக்கவே கூடாது. மன்னிச்சுடு."

யாமினி கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நீங்கள் தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திராது அக்கா. காருக்குள்ள வச்சு அதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே."

மழை பிடிக்கப் பார்க்கிறது, பரமட்டா ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறேன் என்று யாமினி கார்ச் சாவியை எடுத்தாள். ஹரிப்பிரியா இறங்கும்போது, "போயிட்டு வாங்கோ அக்கா" என்றாள். குரலில் வெறுப்பில்லை. ஒரு காலத்தில் இருந்த உரிமையும் இல்லை.

மெல்பர்ன் திரும்பியதும் ஹரிப்பிரியா அந்த இரண்டாவது சபையைத் தானே திருத்தமாக எழுதி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைத்தாள். எல்லா எதிர்ப்புகளுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தாள். ஒரு எதிர்ப்பும் வரவில்லை. மிச்சமிருந்த நான்கு பள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு. யாருக்கும் இழக்க ஒன்றுமில்லை. சேஷாத்ரியே வழிமொழிந்தார். ஐந்து நிமிடத்தில் நிறைவேறி, அடுத்த பொருளாகப் பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் பேச்சு தொடங்கியது.

கூட்டம் முடிந்து காரில் உட்கார்ந்தபடி யாமினிக்கு விஷயத்தை எழுதி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"நல்லது அக்கா. மற்றப் பிள்ளையளுக்கு உதவும்."