லெசியெலிக்கு இரண்டு பிறந்த வருடங்கள்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு விசா விண்ணப்பத்தின் பதினான்காம் கேள்வியில் பிறந்தது: 'வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா? உண்டென்றால் அந்தப் பாஸ்போர்ட்டின் நகலையும் இணைக்கவும்.'

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மாங்கரே பகுதியில், டோங்கா தீவிலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டுத் தம்பதிக்குப் படிவம் நிரப்பித் தருகிறவன் நான்தான். (எழுத்தாளன் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் அதை இப்படிப் புரிந்துகொண்டார்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அன்று கடல் சாம்பல் நிறத்தில்...' கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தம்பதியின் மகள் ஓஃபாவுக்கு மூன்று வாரத்தில் பிரசவம். அவள் வேலை பார்க்கும் நாட்டுக்கு அம்மா லெசியெலி போயாக வேண்டும். (நாட்டின் பெயரை எழுதவில்லை. நாளைக்கு எனக்கும் அங்கே விசா தேவைப்படலாம்.)

லெசியெலி பைபிள் உறையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்து வைத்தாள். நியூசிலாந்து பாஸ்போர்ட்டில் பிறந்த வருடம் 1965. டோங்கா பாஸ்போர்ட்டில் 1961.

கணவர் சியோசாயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்தார். அவர் பிறந்தது 1963.

"இது யாரு பண்ண தப்பு?"

"கல்யாணம் பேசறப்ப உங்கம்மா, பையனைவிட மூத்த பொண்ணு வேணாம்னாங்க. நாலு வருஷம் கொறைச்சுச் சொன்னேன். இங்க வந்தப்புறம் எழுதின காகிதமெல்லாம் அதையே புடிச்சுக்கிச்சு. டோங்கா பாஸ்போர்ட்டு மட்டும் பொறப்புச் சான்றிதழைப் பாத்துப் போட்டது."

"முப்பத்தெட்டு வருஷமா, பெரியவன் சொல்றேன் கேளுன்னு சொல்லிட்டிருக்கேன்."

"கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

"இனிமே உன்னை அக்கான்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடுங்க. தோணினா திரும்பிப் பாக்கறேன்."

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அது நான்.

"அக்கா, டோங்கா பாஸ்போர்ட்டைக் காட்ட வேணாம். இல்லைன்னு போட்டுடலாம்" என்றேன். (இந்த வரியை மூன்று முறை அடித்து, மூன்று முறை திரும்ப எழுதியிருக்கிறேன்.)

"அது இல்லைன்னா நான் எங்க பொறந்தேன் தம்பி? ஒரு பொய்யைச் சுமந்ததே போதும். பேரப்புள்ளையைத் தூக்கறப்ப கை காலியா இருக்கணும்."

உண்மையையே எழுதி அனுப்பினோம்.

4

விசா அலுவலகம் திருப்பிக் கேட்டது: இரண்டு பாஸ்போர்ட்டிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று, நெடுநாள் அறிந்தவர் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

சியோசாயா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்தார்.

'இந்த இரண்டு பெண்களையும் எனக்குத் தெரியும். இளையவளை நான் மணந்தேன். மூத்தவள் என்னை வைத்துக் குடும்பம் நடத்தினாள். இருவரும் ஒருத்திதான். தயவுசெய்து இருவருக்கும் விசா கொடுங்கள்.'

கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னேன்.

"நீ உன் கதையைத் திருத்திக்க" என்றார்.

5

'ஓஃபாவின் குழந்தையை ஏந்திய லெசியெலி...' என்று ஒரு முடிவு எழுதினேன். 'வருந்துகிறோம், தங்கள் விண்ணப்பம்...' என்று இன்னொன்று. இரண்டையும் முடிக்கக் கை வரவில்லை.

அதற்குள் நிஜமான பதிலே வந்துவிட்டது. விண்ணப்பத்தில் என் மின்னஞ்சல் முகவரிதான் கொடுத்திருந்தோம். கடிதம் திரையில் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. விஷயம் தெரிந்து இருவரும் என் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர் அவளுக்கு முதலில் வழிவிடுகிறார்.

எனக்குத் தைரியம் இல்லை. கடிதத்தை நீங்களே திறந்துவிடுங்கள்.