தரையில் வைக்காத பெட்டி

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் போனைத்தான் வெளியே எடுக்கிறார்கள். அழுகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலில் ஒட்டியிருக்கிற போஸ்டரைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், வந்ததற்கு அத்தாட்சியாக. அப்புறம் நிழல் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிற மாதிரி.

சுடலை குனிந்து ஐஸ் பெட்டியின் ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதை மிதித்தான். பெட்டி விடியும்போதே வந்துவிட்டது. வேலம்பாளையத்து லைன் வீட்டு வாசலில், கண்ணாடி மூடி போட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாமல் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் மாரப்பன் வந்து பக்கத்தில் நின்றார்.

"சுடலையண்ணா, நாஞ் சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொட்டி எதுக்குங்க? சும்மா ஓடீட்டுக் கெடக்குதுங்க."

"எம் பையன் வாரான்லா. அவன எதுல கெடத்த?"

மாரப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காம்பவுண்டில் எல்லோருக்கும் சங்கதி தெரியும். ராஜ்கமலை ஜப்பானிலேயே எரித்துவிட்டார்கள். வருவது எலும்பு.

சுடலைக்கும் தெரியும். மகள் ஆஷா சொல்லியிருந்தாள். உடம்பைக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும், வந்தாலும் பெட்டியைத் திறக்க முடியாது என்று அங்கிருந்து சொன்னபோது, அங்கேயே செய்துவிடுங்கள் என்று சொன்னவளும் அவள்தான். அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. எரிக்கிற இடத்தைப் போனில் காட்டினார்கள். சுடலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போன்ல எத வேணும்னாலும் காட்டுவானுவ."

அவர்கள் வகையறாவில் கல்யாணம் ஆகாத பிள்ளையை எரிப்பதில்லை. புதைப்பதுதான். எரித்துவிட்டார்கள் என்று ஆயிரம் பேர் சொல்லட்டும், அவர் மச்சினன் இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுக் குழி வெட்டச் சொல்லிவிட்டார். "ராசு உயரம் ஒனக்குத் தெரியும்லா. காலு மடங்காம இருக்கணும்." இசக்கிமுத்து, செத்துப்போன ராக்கம்மாளின் தம்பி. அக்கா புருஷனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. போய் முழு ஆளுக்கு வெட்டிவிட்டு வந்தான்.

ராஜ்கமல் ஜப்பானுக்குப் போனது நிட்டிங் மிஷின் வேலை பழக. அந்த ஊரில் சாயங்காலமானால் பெரிய பெரிய மேளம் அடிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. தைக்கோ என்று பெயராம். வேடிக்கை பார்க்கப் போனவன், மேளத்தை லாரியில் ஏற்ற ஒருநாள் கை கொடுத்தான். அடுத்த வருஷம் அவர்கள் வண்டியிலேயே ஏறிவிட்டான். மிஷின் போயிற்று, கம்பெனி போயிற்று. ஊர் ஊராகப் போய்க் கொட்டு அடிக்கிற பிழைப்பு.

வண்டியில் இருந்துதான் கூப்பிடுவான்.

"எப்பா, நேத்து ஒரு ஊரு, இன்னைக்கு ஒரு ஊரு. காலையில எந்திரிச்சதும் எல்லாரும் ஓடணும். மேளத்த நாங்களே எறக்கணும், அடிக்கணும், போர்வை சுத்தித் திரும்ப நாங்களே ஏத்தணும். ஏத்தி முடிச்சாத்தான் சோறு."

"லோடுமேனுக்கும் ஒனக்கும் என்னல வித்தியாசம்?"

"நான் சிரிச்சிக்கிட்டு ஏத்துதேன்."

மேடையில் முன்னால் நின்றா அடிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டார். இல்லை என்றான். பெரிய மேளத்துக்கு இரண்டு பக்கமும் தோல். முன்பக்கம் ஒரு அக்கா நின்று தன் இஷ்டத்துக்கு அடிப்பாள். பின்பக்கம் இவன். பார்க்கிறவர்களுக்கு இவன் தெரியவே மாட்டான். அவள் அடி எங்கே போனாலும் திரும்பி வர, ஒரே அடியை விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். "கேளுப்பா" என்று எதன்மேலோ தட்டிக் காண்பித்தான். டம். டம். டம். டம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மூஞ்சி தெரியாம அடிக்கதுக்கு ஒருத்தன் சப்பான் போவணுமால?" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் அவன் கூப்பிட்டான். அதற்குப் பிறகும் அவர் ஏசினார்.

கார் வந்து நின்றது. முன்னால் ஆஷா இறங்கினாள். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. பின்கதவு திறந்து ஒரு ஜப்பான்காரி இறங்கினாள். நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம். மூட்டை தூக்குகிறவனின் தோள். கறுப்பு உடுப்பு. கழுத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணி தூளி மாதிரி தொங்கியது. அதில் சதுரமாக ஒரு பெட்டி. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்தார்கள். போன்கள் மேலே போயின.

அவள் நேராகச் சுடலையிடம் வந்து இடுப்பு வரைக்கும் குனிந்தாள். நிமிர்ந்து, "எப்பா" என்றாள்.

சுடலை மகளைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியாட்டி?"

"இல்லப்பா. அண்ணன் பஸ்ல இருந்து ஒங்களக் கூப்பிடும்போது கேட்டுக் கேட்டுப் பழகினதாம். நட்சுமின்னு பேரு. அந்தப் பெரிய மேளத்துல முன்னால நின்னு அடிக்கறவங்க இவங்கதான்."

"அதக் கீழ வைக்கச் சொல்லு."

"தரையில வைக்க மாட்டாங்களாம். பிளேன்லயும் மடியிலதான் வச்சிட்டு வந்தாங்களாம்."

"எம் பையனா இருந்தா இதுல வைக்கச் சொல்லு." ஐஸ் பெட்டியைக் காட்டினார்.

"எப்பா, அது எலும்புப்பா. அதுக்கு எதுக்கு ஐஸு?"

"அப்ப அது அவன் இல்ல."

ஆஷா வாயைப் பொத்திக்கொண்டாள். மாரப்பன் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். நட்சுமி உட்கார்ந்தாள். பெட்டி மடியில். யாரோ டீ கொண்டுவந்து கொடுக்க, ஒரு கையில் வாங்கிக்கொண்டாள். இன்னொரு கை பெட்டியை விட்டு எடுபடவில்லை.

சுடலை எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். "எப்படிச் செத்தான்? எனக்கு யாரும் ஒழுங்காச் சொல்லல. கேளு."

ஆஷா இங்கிலீஷில் கேட்டாள். நட்சுமி டீயை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆஷா ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தாள்.

"பனி பேஞ்சிட்டு இருந்துச்சாம். ஆட்டம் முடிஞ்சு மேளமெல்லாம் லாரியில ஏத்திட்டு, பஸ்ல கெளம்பிட்டாங்களாம். அண்ணன் சோறு வேண்டாம், தூங்கறேன்னானாம். ஜன்னலோரம் அவன். பக்கத்து சீட்டுல இவங்க."

"ம்."

"கொறட்டை விட்டானாம். எப்பவும் விடுவானாம். பஸ்ஸே சிரிக்குமாம். முன்சீட்டுக்காரங்க துண்ட உருட்டி எறிவாங்களாம்."

சுடலை நிமிர்ந்தார். பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே ராசுவுக்குக் குறட்டை உண்டு. லைன் வீட்டுச் சுவர் மெல்லிசு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டுவான். ராக்கம்மாள் தூக்கத்திலேயே கையை நீட்டிப் பிள்ளையின் மூக்கைப் பிடித்து விடுவாள். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி கிளம்பும்.

"பொறவு?"

"பாதி வழியில நின்னுருச்சாம்." ஆஷா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். "அப்பாடா, இன்னைக்கு நாம தூங்கலாம்னு எல்லாரும் சிரிச்சாங்களாம். ஊர் வந்ததும், இவன் அசந்து தூங்கறான் பாவம், மேளத்த நாமளே எறக்கிக்கலாம்னு விட்டுட்டாங்களாம். கடைசி மேளத்த எறக்குனதுக்கு அப்புறந்தான் எழுப்பப் போனாங்களாம்."

ஐஸ் பெட்டியின் மோட்டார் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

நட்சுமி தலை நிமிராமல் இன்னொன்று சொன்னாள்.

"என்ன சொல்லுதா?"

"மேடையில அவன் ஒரு அடி விட்டாலும் எனக்குத் தெரியும். அன்னைக்குத் தெரியல. அப்படிங்கறாங்க."

"பக்கத்து சீட்டு" என்றார் சுடலை. "பக்கத்து சீட்டுல்லா இருந்திருக்கா."

இதை ஆஷா சொல்லவில்லை. சொல்லாமலே நட்சுமிக்குப் புரிந்திருக்க வேண்டும். பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை. வாசலில் நின்ற பெண்கள் அதுவரை அழாதவர்கள், அதைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தார்கள்.

சுடலை முழங்காலில் கையூன்றி எழுந்தார். "கொறட்டை எல்லாப் பயலுந்தான் விடுதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

பாடை கட்டவில்லை. தோள் கொடுக்க வந்தவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் நடந்தார்கள். முன்னால் இசக்கிமுத்து, அடுத்து நட்சுமி. வெயில் ஏறிவிட்டது. பனியன் துணியை அழுத்தித் தேய்க்கிற காம்பாக்டிங் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் எழுந்து நின்றார்கள். பிணம் எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் தலையில் இருந்த தொப்பியை எடுத்துவிட்டு, யாருக்கு என்று தெரியாமலே கும்பிட்டான்.

குழி பெரிதாகக் கிடந்தது. சிவப்பு மண் கரையில் குவிந்திருந்தது. இசக்கிமுத்து உள்ளே இறங்கிக் கையை நீட்டினான். நட்சுமி கழுத்துத் துணியை அவிழ்த்தாள்.

"இரு" என்றார் சுடலை. "தொறந்து காட்டச் சொல்லு."

ஆஷா அப்பாவையே பார்த்தாள். பிறகு சொன்னாள். நட்சுமி மறுக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி. அதன் மூடியைத் திறந்து அவர் பக்கம் சாய்த்தாள். பொடிச் சாம்பல் இருக்கும் என்று நினைத்திருந்தார். அது எலும்பாகவே இருந்தது. சுத்தமாக, சுண்ணாம்பு மாதிரி. மேலே ஓடு போல ஒரு துண்டு கவிழ்ந்திருந்தது.

"கூட வேலை செஞ்சவங்க எல்லாரும் சேர்ந்து எடுத்து வச்சதாம்" என்றாள் ஆஷா. "ரெண்டு பேரு ரெண்டு பேரா, குச்சியால."

"குச்சியாலயா? எம் பிள்ளயவா?"

"அங்க அப்படித்தானாம்ப்பா. ரொம்ப வேண்டப்பட்டவங்கதான் எடுப்பாங்களாம்."

சுடலை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஜாடிக்குள் விரலை நீட்டினார். தொடுவதற்கு முன் எடுத்துக்கொண்டார்.

"இதுல அவன் எங்க இருக்கான்?"

நட்சுமி மூடியைப் போட்டாள். அவள் பெட்டியைக் குனிந்து நீட்ட, இசக்கிமுத்து வாங்கினான். வாங்கியவன் குழிக்குள் அப்படியே நின்றான். அந்த நீளத்தில் அதை எங்கே வைப்பது?

"அத்தான், தலைமாடு தெக்கதான? தலைமாட்டுல வைக்கவா, காலுமாட்டுல வைக்கவா?"

ஆஷா நட்சுமியிடம் கேட்டாள். அவள் தன் காலைத் தொட்டுக் காட்டினாள், இடுப்பை, அப்புறம் தலையை.

"கால் எலும்பு அடியில, தலை மேலயாம் மாமா. தலைகீழா ஆயிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வைப்பாங்களாம். உக்காந்த மாதிரி இருக்கானாம்."

"உக்காந்தாப்பலயா?" இசக்கிமுத்து பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். "அப்ப நடுவுலயே வைக்கேன்."

நடுவில் வைத்தான். மேலே ஏறி வந்தான். இரண்டு பக்கமும் வெறும் மண்ணாகக் கிடந்தது, தலைக்கும் காலுக்கும் வெட்டிய இடம்.

"அத்தான், பெத்தவிய மொதல்ல மண்ணு தள்ளணும். மூணு கை."

சுடலை குனிந்து ஒரு கை மண் அள்ளினார். எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் போடவில்லை. நின்றார்.

"அப்பா" என்றாள் ஆஷா. எப்போதும் எப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, போட்டுருங்க" என்றார் மாரப்பன். "நீங்க போட்டாத்தானுங்க மத்தவங்க போட முடியும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நட்சுமி குழியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பெட்டியில்லாத கைகள் இரண்டும் சும்மா தொங்கின. வலது கை மட்டும் அவள் தொடையில் விழுந்துகொண்டிருந்தது. தட்டுகிறோம் என்று அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை. டம். டம். டம். டம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சுடலை அந்தக் கையையே பார்த்தார்.

"எவன் வேணும்னாலும் தட்டலாம்" என்றார்.

திரும்பி நடந்தார். பின்னால் ஆஷா கூப்பிட்டாள். இசக்கிமுத்து, "அத்தான், மண்ணு, மண்ணப் போட்டுட்டுப் போங்க அத்தான்" என்று கத்தினான். கொஞ்ச நேரம் கழித்து மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டிமேல் மண் விழுந்தால் எப்படிக் கேட்க வேண்டுமோ, அப்படி அவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய குழியை நிரப்ப நேரம் ஆகும்.

சுடுகாட்டுப் பாதை தார் ரோட்டில் ஏறுகிற இடத்தில் அவிநாசிப் பக்கமிருந்து, ஏர்போர்ட் கார் வந்த வழியிலேயே, ஒரு வேன் வந்தது. சுடலை ஒதுங்கி நின்றார். அது தாண்டும்போது குனிந்து உள்ளே பார்த்தார். பனியன் துணி மூட்டைகள். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். வலது கை மண்ணோடு மூடியே இருந்தது.